சமதரையில் பழகி மலையேறுதல்

யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழகுவதற்கு மலை இல்லை. ஆகையால் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்குப் புறப்படுமுன், முதுகுப்பையில் 4 லீற்றர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, மணற்காடு என்னும் கடலோர ஊரின் மணல்மேடுகளில் ஒரு மாதம் விடியற்காலைகளில் நடந்து பழகினேன். கால் புதையும் மணல் கெண்டைக்காலை நன்கு உறுதிப்படுத்தும்.

புதிய சப்பாத்தை மலையிலேயே முதன்முதலாக அணியாதீர்கள். முதற்பயணத்தில் நான் அவ்வாறு செய்து, குதிக்கால் கொப்பளித்துப் பாதி வழியில் திரும்பினேன். பாரமான பொருட்களை முதுகையொட்டி நடுவில் வைத்து, இடுப்புப் பட்டியை இறுக்கினால் தோள் அதிகம் நோகாது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உச்சிக் குளிரில் உடலை நடுங்கவைக்கும் என்பதால், மாற்றுச் சட்டையும் கம்பளி மேலாடையும் அவசியம். மாதவிடாய் அணையாடைகளையும், பயன்படுத்தியவற்றைக் கீழே கொண்டுவர மூடக்கூடிய பையொன்றையும் பெண்கள் மறக்கலாகாது. வழிப்பசிக்கு எள்ளுப்பாகு போதும் (என் அம்மா இடித்ததென்றால் இன்னும் நல்லது). ஏறுவதைவிட இறங்கும்போதே முழங்கால்கள் வருந்துமாதலால், கூச்சப்படாமல் ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள்.