ஆங்கில அட்ஜெக்டிவ்: வகைகளும் நாம் வழக்கமாகத் தவறும் இடங்களும்

அட்ஜெக்டிவைத் தேடுமுன் பெயர்ச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். 'ஐ பாட் தீஸ் த்ரீ ரெட் பேங்கிள்ஸ்' என்ற வாக்கியத்தில் வாங்கிய பொருள் பேங்கிள்ஸ். இனி அந்தச் சொல்லிடம் கேளுங்கள். எந்த வளையல்? தீஸ். எத்தனை? த்ரீ. எப்படிப்பட்டவை? ரெட். விடையாக வந்த மூன்றுமே அட்ஜெக்டிவ், தமிழில் பெயரடை.

வகைகளும் இதே கேள்விகளிலிருந்துதான் வருகின்றன. எப்படிப்பட்ட என்பதற்கு விடையானால் குவாலிட்டி (டால், ஹானஸ்ட்). எவ்வளவு என்றால் குவான்டிட்டி (மச், லிட்டில்). எத்தனை, எத்தனையாவது என்றால் நம்பர் (மெனி, ஃபைவ், செகண்ட்). எந்த என்றால் டிமான்ஸ்ட்ரேட்டிவ் (திஸ், தோஸ்). யாருடைய என்றால் பொசசிவ் (மை, ஹெர்). பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று கேள்வி கேட்டால் இன்டெராகேட்டிவ் (விச் புக், ஹூஸ் பேக்). இன்றைய இலக்கண நூல்கள் பல, குவாலிட்டி தவிர்த்த மற்றவற்றை டிடர்மினர் என்கின்றன. பெயர் மாறினாலும் பயன்பாடு மாறாது, குழம்ப வேண்டாம்.

மச், மெனி இரண்டுக்கும் தமிழே துணை. எவ்வளவு தண்ணீர், மச் வாட்டர். எத்தனை பேனா, மெனி பென்ஸ். ஒரே இடத்தில் கவனம் வேண்டும். நாம் 'எவ்வளவு ரூபாய்' என்போம். ஆங்கிலத்திலோ 'ஹவ் மெனி ருபீஸ்', ஆனால் 'ஹவ் மச் மணி'.

இனி தவறுகள். 'அவள் உயரம்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. அதே பழக்கத்தில் 'ஷி டால்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் நடுவே வினைச்சொல் கட்டாயம்: 'ஷி இஸ் டால்'. நம்மிடம் நல்ல பையன், பையன் நல்லவன், பையன்கள் நல்லவர்கள் என்று சொல் உருமாறும். ஆங்கிலத்தில் எங்கு வைத்தாலும், ஒருவரானாலும் பலரானாலும், குட் குட்தான்.

ஒப்பிடும்போது தமிழில் 'விட' என்ற ஒரு சொல்லே போதும்: ரவியைவிட உயரம். அதனால்தான் 'டால் தேன் ரவி' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவும் மாறியாக வேண்டும்: 'டாலர் தேன் ரவி'. சிறிய சொல்லுக்கு இ-ஆர் சேருங்கள். 'பிக்' போன்றதில் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'ஹேப்பி' போன்றதில் கடைசி ஒய், ஐ ஆகும். பியூட்டிஃபுல் போன்ற நீண்ட சொல்லுக்கு முன்னால் 'மோர்'. இரண்டையும் சேர்த்து 'மோர் டாலர்' என்பது தவறு. 'மோர் பெட்டர்' என்பதும் அப்படியே. குட்டின் ஒப்பீட்டு வடிவமே பெட்டர். சீனியர், ஜூனியர் இரண்டுக்கும் தேன் வராது, 'சீனியர் டு மீ' என்றே வரும்.

அதிகம் சேதம் செய்வது இன்னொன்று. நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்றால், 'எனக்கு ஆர்வம்' என்று பொருள் வராது. 'நான் சுவாரசியமான ஆள்' என்று ஒலிக்கும். உணர்வை உண்டாக்குவதற்கு இங், உணர்பவருக்கு எட். வகுப்பு போரிங், மாணவர் போர்ட். செய்தி ஷாக்கிங், கேட்டவர் ஷாக்ட். வேலை இன்ட்ரஸ்டிங், நீங்கள் இன்ட்ரஸ்டட். அட்ஜெக்டிவ் சொல்வது யாரை, எதை என்று ஒரு நொடி நின்று பார்த்தால் இந்தத் தவறு வராது.

பல பெயரடைகள் சேர்ந்து வந்தால் வரிசை உண்டு: கருத்து, அளவு, வயது, நிறம், ஊர் அல்லது நாடு, செய்பொருள். 'எ பிக் ஓல்ட் பிரவுன் வுடன் பாக்ஸ்' சரி. 'எ வுடன் பிரவுன் பிக் பாக்ஸ்' காதில் இடிக்கும்.

இப்போது 'பழைய அழகான சின்ன வெள்ளிக் கிண்ணம்' என்பதை ஆங்கிலமாக்கிப் பாருங்கள். விடை: 'எ பியூட்டிஃபுல் ஸ்மால் ஓல்ட் சில்வர் போல்'.