பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டா? சென்னை ரிச்சி தெரு போகும் முன் இதைப் பாருங்கள்

முதலில் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டை நம்ப வேண்டாம். 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்றிருந்தால் பிராசசர், கார்டு இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்தான்.

மதர்போர்டின் நீள ஸ்லாட் 75 வாட் வரை தரும். அதனால் மின்சாரத்துக்குத் தனியாக 6 பின் ஒயர் கேட்காத கார்டுதான் பழைய மெஷினுக்குப் பத்திரம். ஒல்லி கேபினட் என்றால் உயரம் குறைந்த லோ புரொபைல் கார்டு மட்டுமே உள்ளே போகும். கார்டைக் கேபினட்டில் பொருத்தும் குட்டை பிராக்கெட்டையும் (தகடு) கேட்டு வாங்குங்கள்.

படம் பார்க்க, இரண்டு மானிட்டர் போட ஜிடி 1030 கார்டு போதும். அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடும் ஒன்று விற்கிறது, தொடவே தொடாதீர்கள். மெமரி வேகம் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்க வேண்டும்.

கேமுக்கு செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல தேர்வு. ஏமாற்று நடப்பதும் இதில்தான். பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி, 1050 டிஐ என்று தலையில் கட்டிவிடுவார்கள். பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் தெரிந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். அசல் சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓட்டச் சொல்லுங்கள். சிப் ஜிபி107, ஷேடர் 768 என்று வர வேண்டும்.

வீட்டில் விஜிஏ மானிட்டர்தானா? உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வாங்குங்கள், வெறும் ஒயரில் படம் வராது.