கொப்பி கொடுக்கிறோம், ஈபிஎஃப் கட்டவில்லை: கொழும்புக் கம்பனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலைத் தவணை தொடங்குகிற நேரம் பார்த்து கொழும்பிலிருந்து ஹட்டன், பதுளைப் பக்கம் கொப்பியும் பானரும் ஏற்றிக்கொண்டு வேன்கள் கிளம்பும். நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த பானரில் பெயர் போட்டிருக்கிற கம்பனிக்குள் போய், ஸ்டோர்ஸில் பெட்டி தூக்குகிற பையனிடம் உன் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முழிப்பான். கடமையாகக் கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காததைக் கொடுத்துப் பெயர் வாங்குகிற பழக்கம் நம்மிடம் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. புறக்கோட்டைக் கடையிலிருந்து வெள்ளவத்தை ஆபீஸ் வரை பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஈபிஎஃப் என்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். வேலையாளின் பங்கு சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. அதற்கு மேல் ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம், 3 சதவீதம், அது முழுக்க முதலாளியின் கையிலிருந்து போக வேண்டியது, சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் "புரோபேஷன் முடியட்டும், ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போடுவோம்" என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு ஆறு மாதமே இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும், தற்காலிக ஆளாக இருந்தாலும் நாட்சம்பளக்காரராக இருந்தாலும் அதே கதைதான். இன்னும் மோசமானது, அவனுடைய 8 சதவீதத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. "இந்த மாதம் கொஞ்சம் டைட்" என்று ஆரம்பித்து வருடக்கணக்கில் போகும். அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும், அது வேறு. பிடித்த காசு உங்களுடையது இல்லை, அதை வைத்துச் சரக்கு எடுப்பது திருட்டு.

கொஞ்சம் நாசூக்காகச் செய்கிறவர்கள் பே ஷீட்டில் விளையாடுவார்கள். ஒருவருக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் அடிப்படை 30,000, மீதி 30,000 அலவன்ஸ் என்று எழுதிவிட்டால், முதலாளியின் 12 சதவீதம் 7,200இலிருந்து 3,600 ஆகிவிடும், ஈடிஎஃப் 1,800இலிருந்து 900. மாதம் 4,500 ரூபாய் மிச்சம். பத்து வருடம் வேலை செய்தவருக்கு வட்டி இல்லாமலே 5,40,000 ரூபாய் போச்சு. ஆனால் சட்டம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை, வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி, கொமிஷன் எல்லாம் கணக்கில் வரும், ஓவர்டைம்தான் வராது. பெயரை மாற்றி எழுதினால் தப்பிவிடலாம் என்று சொல்லிக்கொடுக்கிற கணக்காளர்கள், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு விழுகிற அன்று போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

"அவனே முழுசாகக் கையில் கேட்கிறான்" என்ற சாக்கும் உண்டு. கேட்பான், வாடகை கட்ட வேண்டும், ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும். அவன் சம்மதித்தான் என்பதற்காகக் கட்டாயப் பங்களிப்பு விருப்பத்துக்குரியதாகிவிடாது.

பணிக்கொடையிலும் இதே கணக்குத்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம், விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அதனால் நாலரை வருடத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே மேசையில், அதே நாற்காலியில், வேறு கம்பனிப் பெயரில் உட்கார வைப்பார்கள். ஒரே கடையை மூன்று பெயரில் பதிந்து ஒவ்வொன்றிலும் பதினான்கு பேர் என்று காட்டுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்த முதலாளிகளில் பலர் கெட்டவர்கள் இல்லை. வேலையாளின் அம்மாவுக்கு ஒப்பரேஷன் என்றால் உடனே காசு எடுத்துக் கொடுப்பார்கள், தங்கச்சி கல்யாணத்துக்குத் தோடு வாங்கிக் கொடுப்பார்கள், தீபாவளிக்குக் குடும்பத்துக்கே உடுப்பு. ஆனால் அதே ஆள் ஒரு நாள் வந்து "ஐயா, அந்த ஓவர்டைம் கணக்கு..." என்று இழுத்தால் முகம் மாறும். "உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்!" கடை, காரியாலயச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு என்று தெளிவாக இருக்கிறது. தோடு உங்கள் அன்பு, ஓவர்டைம் அவனுடைய உழைப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது. கழிக்கத் தொடங்கினால் அவன் நன்றிக்கடனில் மாட்டிக்கொள்வான், கடைசிவரை வாயே திறக்க மாட்டான். விசுவாசம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் கொஞ்சம் இதுவும் கலந்திருக்கிறது.

சரி, இப்போது வெளியே செய்கிற சிஎஸ்ஆர், அதாவது கம்பனிகளின் சமூகப் பொறுப்பு, பக்கம் வருவோம். இந்தியப் பத்திரிகைகளை வாசித்துவிட்டு லாபத்தில் 2 சதவீதம் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், அங்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பனிகளுக்குத்தான். இலங்கையில் அப்படிக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால், மார்க்கெட்டிங் பட்ஜெட்டில் மிஞ்சுகிற காசுக்குச் செய்கிற வேலையாக இது ஆகிவிட்டது.

கொப்பி கொடுக்கப் போகிறீர்களா, அதிபருக்கு ஒரு வாரம் முன்பு போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். ஏற்கனவே இரண்டு கம்பனிகள் கொப்பி கொடுத்துவிட்டுப் போயிருக்கும், பிள்ளைகளுக்குத் தேவை தண்ணீர்த் தாங்கியாகவோ கழிப்பறைக் கதவாகவோ இருக்கும். பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்காதீர்கள். கை நீட்டி வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் பேஸ்புக்கில் போடாதீர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து உங்கள் கம்பனிக்கே இன்டர்வியூவுக்கு வரலாம்.

களனி கங்கை பெருகி வெள்ளம் வந்தால் இன்னொரு கூத்து நடக்கும். ஆளாளுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்து, காசோலையில் கம்பனிப் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளத்தில் வீடு போனவனே அந்த லிஸ்டில் இருப்பான். விரும்பினவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரையில் குப்பை பொறுக்க வரச்சொல்லி வட்ஸ்அப்பில் செய்தி போட்டு, வராதவர்களின் பெயரை மனேஜர் குறித்து வைத்தால் அதுவும் வேலைதான், தொண்டு இல்லை. திங்கட்கிழமை அதே கம்பனியின் கழிவு எண்ணெய் பின்பக்கக் கானுக்குள் போனால் அந்தக் கடற்கரைப் படங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

லஞ்சம் என்றால் அரசாங்க ஆபீஸ் விஷயம் என்ற நினைப்பும் பழசாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. சப்ளையர் வருடக் கடைசியில் எல்லோருக்கும் அனுப்புகிற கேக் ஒரு விஷயம், டென்டர் திறக்கிற வாரத்தில் பர்ச்சேசிங் மனேஜர் வீட்டுக்குப் போகிற டிவி வேறு விஷயம். வித்தியாசம் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். எழுத்தில் ஒரு வரி போதும்: இவ்வளவுக்கு மேல் பெறுமதியான பொருள் வந்தால் ஆபீஸில் பதிந்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மச்சானின் கம்பனியிடம் சரக்கு வாங்குவது தானாகவே குற்றமாகிவிடாது, மறைப்பதுதான் வில்லங்கம். பணிப்பாளர்கள் தங்கள் நலன் சம்பந்தப்பட்ட கொடுக்கல் வாங்கலை வெளிப்படுத்திப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டமே சொல்கிறது.

முறைப்பாடு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி "யார் சொன்னது?" என்பதாக இருந்தால், இரண்டாவது முறைப்பாடு வரவே வராது. குறிப்பாகப் பெண்கள் சொல்கிற விஷயங்களில். "அவர் பகிடிக்குச் சொன்னது தங்கச்சி, பெரிசாக எடுக்காதே" என்று ஒரு சீனியர் அக்காவை வைத்தே சமாதானம் பேசிவிட்டு, அப்புறம் அந்தப் பிள்ளையைத்தான் வேறு கிளைக்கு மாற்றுவார்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம், வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் செய்வதும் அதில் அடங்கும். கம்பனிக்குள் மூடி மறைக்கிற குடும்பப் பிரச்சினை இல்லை இது.

கடைசியாக ஒன்று, சின்னதாகத் தெரியும். ஊழியர் வாசிக்க முடியாத மொழியில் கையெழுத்து வாங்காதீர்கள். நியமனக் கடிதம் ஆங்கிலத்தில், எச்சரிக்கைக் கடிதம் சிங்களத்தில், தீயணைப்பு அறிவித்தல் எதிலோ. பண்டாரவளையிலிருந்து வந்த பையன் "இதில் போடு" என்ற இடத்தில் போட்டுவிட்டுப் போவான், இத்தனைக்கும் முதலாளி தமிழராகவே இருப்பார். தமிழ்க் கடையில் வேலை செய்கிற சிங்களப் பிள்ளைக்கும் இதே நிலைமைதான். இரண்டு பக்கக் கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள ஒருமுறை செலவு செய்தால் போதும், ஒவ்வொரு புது ஆளுக்கும் அதையே கொடுக்கலாம். பிரதி ஒன்றை அவன் கையிலும் கொடுங்கள், ஈபிஎஃப் இலக்கத்தை மேலேயே எழுதி.