கடைக்காரரை மீண்டும் அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் புதிய பொருள் ஒன்றைக் கடைகளில் வைக்க முயலும் சிறு உற்பத்தியாளர்கள் பலர், முதல் சந்திப்புக்குத் தயாராவதில் பாதியளவுகூட அடுத்தடுத்த சந்திப்புகளுக்குத் தயாராவதில்லை. சாம்பிளையும் விலைப்பட்டியலையும் கொடுத்து, "பார்த்துச் சொல்கிறேன்" என்ற பதிலுடன் திரும்பியவர், அடுத்த வாரம் போய், "என்ன அண்ணாச்சி, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்கிறார். எல்லாத் தவறுகளிலும் இதுவே பெரியது என்பேன். இடைப்பட்ட நாட்களில் கடைக்காரர் அந்தப் பொருளைப் பற்றி நினைக்கக் காரணம் எதுவும் இருந்திருக்காது. விற்காமல் தேங்கினால் யார் திரும்ப எடுப்பார்கள், எதை நகர்த்திவிட்டு இதற்கு இடம் கொடுப்பது, பணம் எத்தனை நாள் முடங்கும் என்ற அவருடைய கவலைகள் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் அவற்றில் ஒன்றையாவது குறைக்கும் செய்தியைக் கொண்டு போக வேண்டும். உதாரணமாக, அம்பத்தூரில் தயாராகும் சிறுதானிய உலர் தோசை மாவை மயிலாப்பூர்க் கடை ஒன்றில் வைக்க விரும்புபவர், "24 பாக்கெட் கொண்ட பெட்டி வேண்டாம், முதலில் ஆறு மட்டும் வையுங்கள், காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்பே மீதியை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தால், பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

போகும் நேரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மளிகைக் கடையில் காலை ஒன்பது மணி வரை பால் வாங்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையானவற்றை வாங்கவும் வருவோர் கூட்டம் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு மீண்டும் கூட்டம். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் போவதே பெரும்பாலும் நல்லது. மாதத்தின் முதல் வாரம் முழுவதும் மாத மளிகைப் பட்டியல்கள் ஓடிக்கொண்டிருப்பதால், அப்போது புதிய பொருளைப் பற்றிப் பேசுவது வீண். 20ஆம் தேதியையொட்டிப் பேசி முடித்தால், சம்பளம் வரும் நாட்களில் சரக்கு அலமாரியில் இருக்கும். தீபாவளிக்கான பொருளென்றால் ஆவணியிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் ஐப்பசி பிறக்கும்போது எண்ணெயும் மாவும் இனிப்பும் இடத்தைப் பிடித்திருக்கும்.

யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் பிழை நேர்கிறது. கல்லாவில் இருப்பவரே ஆர்டர் எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை. அந்த முடிவு அவருடைய தம்பியிடமோ மூத்த பணியாளரிடமோ இருக்கலாம். பல கிளைகள் கொண்ட சூப்பர் மார்க்கெட்டில், கிளை மேலாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், கொள்முதல் பொதுவாகத் தலைமை அலுவலகத்தில்தான் முடிவாகிறது. அங்கே ஒரு தாள் குறைந்தால் ஒரு வாரம் போய்விடும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஜிஎஸ்டி விவரம், பார்கோடு, பெட்டிக்கு எத்தனை பாக்கெட், எத்தனை மாதம் கெடாது என்பனவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். பார்கோடை மலிவாகக் கிடைக்கிறதென்று யாரிடமாவது வாங்காமல், பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு வழியாக 890 எனத் தொடங்கும் எண்ணை முறையாகப் பெறுவதே பாதுகாப்பு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்கும் அதிகபட்ச விலை, நிகர அளவு, தயாரித்தவர் முகவரி, புகார் தொடர்பு எண் முதலியவை லேபிளில் இல்லையென்றால் கடைக்காரருக்கும் சிக்கல் வரும். அவர் தயங்குவதில் நியாயம் உண்டு.

"எனக்கு எவ்வளவு நிற்கும்?" என்ற கேள்விக்குக் குழப்பமாகப் பதில் சொல்வது நம்பிக்கையைக் கெடுக்கும். அதிகபட்ச விலை 120 ரூபாய், கடைக்கு வரியுடன் 96 ரூபாய் என்றால், நிற்பது 24 ரூபாய். அது விற்பனை விலையில் 20 சதவீதம், கொள்முதல் விலையில் 25 சதவீதம். சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் சொல்வதே தெளிவு.

ஆர்டர் கிடைத்தால் போதுமென்று கடனுக்கு எல்லை வைக்காமல் சரக்கு இறக்குவதும் தவறுதான். மத்திய அரசின் உத்யம் எனும் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் 45 நாட்களுக்கு மிகாமலும் பணம் வர வேண்டும். தெருமுனைக் கடையில் சட்டம் பேசத் தேவையில்லை. வசூல் நாளைப் பில்லில் எழுதி, அந்த நாளில் தவறாமல் போனால் போதும்.

சரக்கு அலமாரிக்கு ஏறியதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது, ஏனெனில் அதுவரை பட்ட பாடெல்லாம் அங்கேதான் வீணாகிறது. ஒரு வாரம் பத்து நாளில் போய், எத்தனை பாக்கெட் மீதம் என்று எண்ண வேண்டும். பின்வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தால் அனுமதி கேட்டு முன்னே வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாவு ஈரம் ஏறிக் கட்டியாகியிருக்கிறதா என்று பார்த்து, கெட்டதை விவாதிக்காமல் மாற்றித் தர வேண்டும். இரண்டு மாதமாகியும் நகரவில்லையென்றால், கடைக்காரர் சொல்லும் முன் மீதியை எடுத்துக்கொண்டு, அதற்கான தொகையை அன்றே கழித்துவிட்டு, கையில் எடுத்துப் பார்த்து வாங்காமல் வைத்தவர்கள் விலையைப் பற்றிச் சொன்னார்களா, அளவைப் பற்றியா, சுவையைப் பற்றியா என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.