மடியில் பிள்ளை, பக்கத்தில் கிளி: 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஓவியங்களைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

லண்டன் நேஷனல் கேலரியில் ஆங்கிலேய ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1773இல் தீட்டிய லேடி கோபர்ன் படம் இருக்கிறது. மடியில் கைக்குழந்தை, தோளைக் கட்டிக்கொண்டு ஒரு பையன், பக்கத்தில் இன்னொருவன். பார்த்ததும் வீட்டில் சாதாரணமாக நடப்பதை அப்படியே வரைந்துவிட்டார் என்று நினைப்போம். பெரிய தவறு அதுதான்.

பிள்ளைகளைக் கவனியுங்கள். மூவரும் ஏறக்குறைய அம்மணமாக இருக்கிறார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகளை நிஜத்தில் அப்படி உட்காரவைக்க மாட்டார்கள். குழந்தைகள் மேலே ஏறி விளையாடும் தாயின் உருவம், 'ஈகை' என்ற அறத்தைக் காட்ட ஐரோப்பிய ஓவியர்கள் வழிவழியாக வரைந்தது. 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வான் டைக்கும் வரைந்திருக்கிறார். அந்த அமைப்பில்தான் லேடி கோபர்னை உட்காரவைத்தார் ரெனால்ட்ஸ். வலப்பக்கம் நிற்கும் பெரிய பஞ்சவர்ணக்கிளிகூட அந்த வீட்டுடையது இல்லை, ரெனால்ட்ஸ் வளர்த்தது! அங்கியின் ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அச்சுப்படத்தின் தலைப்பை அப்படியே நம்புவதும் தவறு. இதே படம் அச்சில் வந்தபோது 'கொர்னேலியாவும் அவள் பிள்ளைகளும்' என்று பெயர் மாறியது. பிள்ளைகளே என் நகைகள் என்று சொன்ன ரோமானியத் தாய் கொர்னேலியா. மனைவியின் பெயர் ஊரறிய அச்சாவதை லேடி கோபர்னின் கணவர் விரும்பவில்லை; அதனால்தான் இந்த மாற்றம்.

அப்புறம், கவுன் போட்டிருந்தால் பெண் குழந்தை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான்.

டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா மகளோடு விளையாடும் ரெனால்ட்ஸ் படத்தை (1784–86) வைத்து, எல்லாச் சீமாட்டிகளும் பிள்ளையைத் தாங்களே வளர்த்தார்கள் என்று சொல்லவும் கூடாது. ஜார்ஜியானா தானே பாலூட்டியது உண்மைதான். ஆனால் அவர் நிலையில் இருந்த பலர் பிள்ளையைச் செவிலித்தாயிடம் விட்டார்கள்.

ரெனால்ட்ஸின் இன்னொரு படம் பெர்லினில் இருக்கிறது. 1765 வாக்கில் வரைந்தது, இந்தியாவிலிருந்து திரும்பிய ஜார்ஜ் கிளைவ் என்பவரின் குடும்பம். அதில் தாயை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குழந்தையோடு மண்டியிட்டிருப்பது ஓர் இந்திய ஆயா. படத்தின் தலைப்பில் அவளுக்குப் பெயர் இல்லை, 'இந்தியப் பணிப்பெண்' என்று மட்டும் இருக்கிறது.