ஒலியிக் ஆசிட்டுக்கு ஆலிவ் ஆயில்தான் வேணும்னு இல்லைங்க

ஆலிவ் ஆயில் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றதுக்கு முக்கிய காரணம் அதுல இருக்க ஒலியிக் ஆசிட்ங்கற கொழுப்பு அமிலம், ஒமேகா 9னு சொல்வாங்களே அதான். ஆனா அதுக்காக ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டியதில்லை, நம்ம கடலை எண்ணெய்லயே கிட்டத்தட்ட பாதி இதான், நல்லெண்ணெய்ல சுமார் 40 சதவீதம் இருக்கு. முந்திரி, பாதாம், அவகாடோல இருக்க கொழுப்புலயும் பெரும்பகுதி இதுவேதான். தேங்காய் எண்ணெய்ல மட்டும் ரொம்ப கம்மி, அதுல பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. மார்கழி காலைல பாருங்க, தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையா கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும், பக்கத்துலயே கடலை எண்ணெய் தண்ணியா ஆடிட்டு இருக்கும், வித்தியாசம் அவ்ளோதான்.

இப்ப முக்கியமான விஷயம், இதை தயவுசெஞ்சு கவனிங்க. 2018ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஒலியிக் ஆசிட் குறைஞ்சது 70 சதவீதம் இருக்க எண்ணெயை தினம் சுமார் ஒன்றரை டேபிள்ஸ்பூன், அதாவது 20 கிராம் சேர்த்தா இதய நோய் ரிஸ்க் குறையலாம்னு லேபிள்ல போட அனுமதிச்சாங்க, அதுவும் ஆதாரம் இன்னும் முடிவானது இல்லைனு குறிப்போட. நெய், வனஸ்பதிக்கு பதிலா ஒலியிக் ஆசிட் அதிகமா இருக்க எண்ணெயை ஊத்தினாதான் எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் குறையும், இருக்கறதோட மேல ஊத்தினா வெயிட்தான் ஏறும். ஒரு டேபிள்ஸ்பூன் எந்த எண்ணெயா இருந்தாலும் 120 கலோரி, அதனால தோசைக்கல்லுல பாட்டிலோட கவுக்காம ஸ்பூன்ல அளந்து விடுங்க. பஜ்ஜி சுட்ட எண்ணெயை திரும்பத் திரும்ப காய்ச்சாதீங்க.