குமரி மாவட்டத்தில் நல்ல சிப்பி எங்கே சாப்பிடலாம்? புதியவர்களுக்கான படிப்படியான விளக்கம்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்வந்து, கண்ணில் படுகிற முதல் ஓட்டலில் மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இந்த மாவட்டத்துக் கடல் தருகிற மிகச் சுவையான உணவு அவர்கள் இலைக்கு வருவதே இல்லை. அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்த உணவு சிப்பி. சாப்பிட்டவர்களிலும் பலர், தவறான நாளில் தவறான கடையில் சாப்பிட்டுவிட்டு, "ரப்பர் போல இருந்தது" என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படி ஒதுக்கக்கூடிய பண்டம் இல்லை இது.

கடைப் பெயர்களின் பட்டியலை நான் தரப்போவதில்லை. நேற்று நன்றாக இருந்த கடையில் இன்று பழைய சிப்பி இருக்கலாம். அன்றன்றைக்கு நல்ல கடையை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

படி 1: எந்தச் சிப்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்

குமரிக் கடற்கரையில் சிப்பி என்று கேட்டால் கிடைப்பது கடல் பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் இரட்டை ஓட்டு உயிரி. இதில் இரண்டு வகை உண்டு. ஓடு பழுப்பாக இருப்பது ஒன்று; விலங்கியலில் அதன் பெயர் பெர்னா இண்டிகா. ஓட்டின் ஓரம் பச்சையாகப் பளபளப்பது மற்றொன்று; அது பெர்னா விரிடிஸ். கொல்லம், திருவனந்தபுரம் கரையிலிருந்து குமரி முனை வரையிலான பாறைக் கரைக்குப் பழுப்புச் சிப்பிதான் அடையாளம்.

வெளிநாட்டு ஓட்டல்களில் எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாக விழுங்குவார்களே, அது ஆளி. கழிமுகங்களில் வளர்கிற வேறொரு இனம். அதைத் தேடி இங்கே வர வேண்டாம். எந்தச் சிப்பியையும் இங்கே பச்சையாகச் சாப்பிடவும் வேண்டாம். வேகவைத்துச் சாப்பிடுவதே நம் ஊர் வழக்கம். உடலுக்கு நல்லதும் அதுதான்.

படி 2: கடையைத் தேடும் முன் நாளைத் தேடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பி வலையில் விழுவதில்லை. ஓர் ஆள் கடலில் முங்கித்தான் அதை எடுக்க வேண்டும். கட்டுமரத்தில் பாறை இருக்கும் இடத்துக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி உள்ளே இறங்குகிறார்கள். சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கிற நாரால் பாறையை இறுகப் பற்றியிருக்கும்; கையால் இழுத்தால் வராது. இரும்பு உளியால் நெம்பிப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்குகிறார்கள். கடல் கொந்தளித்தால் அலை ஆளைப் பாறையில் அடித்துவிடும். தண்ணீர் கலங்கினால் கீழே ஒன்றும் தெரியாது. கடல் அடங்கித் தெளிந்திருக்கும் நாள்தான் சிப்பி நாள்.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே புலப்படும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைப் புரட்டிப் போடுகிறது. சிப்பியின் இனப்பெருக்கமும் ஏறத்தாழ இந்த மாதங்களை ஒட்டியே நடக்கிறது. முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுவிட்ட சிப்பி மெலிந்து, நீர்த்துப்போய் இருக்கும். ஓட்டைத் திறந்தால் உள்ளே சதை பாதிதான் இருக்கும். மழைக்காலச் சுற்றுலாவில் சிப்பியை எதிர்பார்த்து வராதீர்கள். மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு வாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வர முடிந்தால் நல்லது.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலங்கள். குமரி முனையை அடுத்த, கிழக்குக் கரையைச் சேர்ந்த சின்னமுட்டம் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரத்தில் போய் முங்கி எடுப்பவருக்குத் தடை இல்லை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் பெரிய மீன் வரத்துக் குறைந்திருக்கும்போதும் சிப்பி கிடைக்கலாம். ஜூன், ஜூலையில் சிப்பி வராததற்குக் காரணம் கடலின் சீற்றம்.

அடுத்தது கிழமை. இந்தக் கரையின் பெரும்பாலான ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இங்கே தலைமுறைகளாகக் காக்கப்படும் கட்டுப்பாடு. வெளியூர்க் கூட்டம் வந்து குவிவதோ ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று உங்கள் தட்டுக்கு வரும் சிப்பி சனிக்கிழமை எடுத்ததாகவோ அதற்கும் முந்தியதாகவோ இருக்கும். செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். காலையில் எடுத்த சிப்பி உச்சிப்பொழுதில் சட்டியில் இருக்க வேண்டும். இரவு வரை காத்திருந்தால் அதன் இனிப்பு போய்விடும்.

படி 3: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

பாறை இருக்கும் கரையில்தான் சிப்பி உண்டு. மணல் கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அது விளையாது. நாகர்கோவிலிலிருந்து மேற்கே போனால் முட்டம், கடியபட்டணம், குளச்சல், குறும்பனை, இனயம் என்று பாறைகள் கரையிலும் கடலுக்குள்ளுமாகத் தொடர்கின்றன. இந்த ஊர்களுக்கு அருகில் இருக்கும் கடைதான் உங்கள் இலக்கு.

முதல்முறை போகிறவர்களுக்குக் குளச்சலைச் சொல்வேன். நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அடிக்கடி பஸ் உண்டு. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த ஊர் இது; அந்த வெற்றியின் நினைவுத் தூணையும் பார்த்துவிட்டு வரலாம். மீன்பிடித் துறைமுகம், சந்தை, சாப்பாட்டுக் கடைகள் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருப்பது புதியவருக்கு வசதி. முட்டம் பார்வைக்கு இன்னும் அழகு. பாறைகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன.

குமரி முனையில் இருக்கிற ஓட்டல்களைக் குறை சொல்லவில்லை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை வந்து போகிறவர்கள். குளச்சலிலும் கருங்கல் என்ற ஊரிலும் வாடிக்கையாளர் நாளை மறுபடி வருவார். சிப்பி நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்வார். அந்தப் பயம் சமையலை ஒழுங்காக வைத்திருக்கிறது.

படி 4: சந்தையில் முதலில் விசாரியுங்கள்

கடைக்குள் நுழையும் முன், காலையில் மீன் சந்தைக்குப் போங்கள். சிப்பி கூறு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூறு இருந்தால் அன்று ஊரில் சிப்பி உண்டு. ஒரு கூறும் கண்ணில் படாத நாளில், பலகையில் "சிப்பி ரோஸ்ட்" என்று எழுதியிருக்கிற கடையைச் சந்தேகிப்பது நியாயம்.

விற்கிற அம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அக்கா, இது இன்றைக்கு எடுத்ததா? எந்தப் பாறையில் எடுத்தது?" வாங்காமல் கேட்கிறோமே என்று தயங்க வேண்டாம். "இன்று கடல் சரியில்லை மக்களே, இது நேற்று எடுத்தது" என்று உள்ளதைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமே, "இங்கே சிப்பி யார் கடையில் நன்றாக இருக்கும்?" என்றும் கேட்டுவிடுங்கள். எந்தக் கடைக்காரர் காலையில் வந்து பார்த்துப் பார்த்து வாங்கிப் போகிறார், யார் மிஞ்சியதை மலிவாகக் கேட்கிறார் என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும். இணையத்தில் இருக்கிற நட்சத்திர மதிப்பெண்களைவிட இந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

கூறில் இருக்கிற சிப்பியையும் உற்றுப் பாருங்கள். உயிருள்ள சிப்பி வாயை இறுக மூடியிருக்கும். லேசாகத் திறந்திருந்தாலும் ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். கடல் வாசம் வரும். தட்டியும் மூடாமல் வாய் பிளந்து கிடப்பது செத்த சிப்பி.

படி 5: கடையில் கேட்க வேண்டியவை

கடையில் உட்கார்ந்ததும் மூன்று கேள்விகள். சிப்பி இன்று வந்ததா? ஓட்டோடு வாங்கி நீங்களே அவித்தீர்களா, சதையாக வந்ததா? கடல் பாறையில் எடுத்ததா, துறைமுகச் சுவரில் எடுத்ததா?

இரண்டாவது கேள்வி முக்கியம். சதையாக, குளிரூட்டிய பொட்டலத்தில் வருகிற சிப்பிக்கு வயது தெரியாது. ஓட்டோடு வாங்கி அவித்தவர், வாய் திறக்காதவற்றைப் பொறுக்கி எறிந்திருப்பார். மூன்றாவது கேள்விக்குக் காரணம், சிப்பி கடல்நீரை வடிகட்டி அதிலிருக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளர்கிறது. சுற்றிலும் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருந்தால் அதுவும் சிப்பிக்குள் சேரும். படகுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் எடுத்ததைவிட, அலை அடிக்கிற வெளிப்பாறையில் எடுத்தது எவ்வளவோ மேல்.

"இன்றைக்குச் சிப்பி இல்லை" என்று சொல்கிற கடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்கு வேறொரு நாள் திரும்பப் போங்கள். பருவத்தையும் கடலையும் பார்க்காமல் வருடம் முழுவதும் சிப்பி வைத்திருக்கிற கடையைவிட அது நல்ல கடை.

படி 6: என்ன வாங்குவது, எப்படிச் சுவைப்பது

முதலில் வறுவலில் ஒரு சிறிய தட்டு மட்டும் வாங்குங்கள். அவித்து ஓடு நீக்கிய சதையை மிளகாய்த்தூள், மஞ்சள், நல்லமிளகு (குறுமிளகு) சேர்த்துப் பிசறி, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுத்தெடுப்பது. மசாலா மெல்லியதாக இருக்க வேண்டும். சிவப்பு நிறப் பொடியில் மாவு கலந்து கெட்டியாகப் பூசியிருந்தால், உள்ளே இருப்பதை மறைக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஒன்றை எடுத்து விரலால் பிளந்து பாருங்கள். சில சிப்பிகளின் சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சில வெண்ணெய் நிறத்தில் இருக்கும். ஆரஞ்சு, முதிர்ந்த பெண் சிப்பி. வெளிர் நிறம், ஆண். ஒரே தட்டில் இரண்டும் கலந்து, சதை உப்பலாக இருந்தால் நல்ல பருவத்தில் வந்திருக்கிறீர்கள். பாறையைப் பற்றியிருந்த நாரைப் பிடுங்கி எடுத்திருக்க வேண்டும். பல்லில் மணல் கடிபடக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அந்த அடுப்படியில் பொறுமையான கை ஒன்று இருக்கிறது. மென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தால் அதிகம் வெந்துவிட்டது. கூழாகக் குழைந்தாலோ மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலோ அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

முதல் தட்டு தேறிவிட்டால் அடுத்ததாகத் தீயலைக் கேளுங்கள். தேங்காயும் உள்ளியும் (சின்ன வெங்காயம்) கொத்தமல்லியும் வற்றல் மிளகாயும் கறுக்க வறுத்து அரைத்து, புளி சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அந்தப் பழைய அடுப்படியின் கைமணம் இன்னும் இந்தக் குழம்பில் இருக்கிறது. எல்லாக் கடையிலும் சிப்பித் தீயல் இருக்காது; இருந்தால் விடாதீர்கள். தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). சிப்பியின் லேசான இனிப்பும் வறுத்த தேங்காயின் கசப்பும் மாவுத்தன்மையுள்ள கிழங்கில் சேர்ந்து இறங்குகிற சுவைக்குச் சோறு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

படி 7: பாதுகாப்பு

இறால், நண்டு, சிப்பி எதிலாவது ஒவ்வாமை இருந்தால் சிப்பியைத் தொடாதீர்கள். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

கடல்நீர் சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருந்தால், கரையில் மீன் செத்து ஒதுங்கியிருந்தால், அந்த நாட்களில் சிப்பி வேண்டவே வேண்டாம். சில நுண்பாசிகள் திடீரெனப் பெருகும்போது அவற்றின் நஞ்சு சிப்பிக்குள் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. 1997 செப்டம்பரில் நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் விழிஞ்ஞத்தில் இப்படிச் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஏராளமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்: சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, விரல் நுனிகளில் சுருசுருப்பு, மரத்துப்போதல், பிறகு தள்ளாட்டம், மூச்சுத் திணறல். முதல் அறிகுறியிலேயே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

படி 8: ஒரு நாள் திட்டம்

ஜனவரியில் ஒரு புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். காலையில் நாகர்கோவிலிலிருந்து முட்டம் போய்க் கடலைப் பாருங்கள். அலை அடங்கி, நீர் தெளிந்திருந்தால் நம்பிக்கையோடு கடியபட்டணம், மண்டைக்காடு வழியாகக் குளச்சலுக்கு வாருங்கள். பத்து மணிக்குள் சந்தையில் கூறுகளைப் பார்த்து, அங்கிருக்கும் அக்காமாரிடம் விசாரித்துக் கடையை முடிவு செய்யுங்கள். கடையில் முன்கூட்டியே போய், "அண்ணாச்சி, மதியம் சிப்பி இருக்குமா? எங்களுக்கு எடுத்துவையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், சிப்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். பன்னிரண்டரைக்கெல்லாம் இலை முன் உட்கார்ந்துவிடுங்கள். அன்று சிப்பி வரவில்லை என்றால் சாளையோ நெத்தோலியோ என்ன புதிதாக இருக்கிறது என்று கேட்டு, அதை மரச்சீனியோடு சாப்பிடுங்கள். சிப்பிக்கு அடுத்த வாரம் வரலாம்.